கேட்டால் குரல் கொடு

ஃப்ரிட்ஜ் உறுமவில்லை.

கவுண்டருக்குப் பின்னால் நின்று கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது உடனே உறைக்கவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் மனசு அரித்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதித் தெரு நடந்த பிறகு எதையோ மறந்துவிட்டோம் என்று தோன்றுமே, அந்த மாதிரி. ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தில் பிற்பகலும் ஒன்றுதான், நடுநிசியும் ஒன்றுதான். நேற்றுச் சிந்திய பீரின் புளித்த வாடையும், தரை துடைத்த மருந்தின் நெடியும், மெத்தை இருக்கைகளில் ஊறிப்போன யார் யாருடைய வியர்வையோ எல்லாம் குழைந்து, கவுண்டர் விளக்கின் மஞ்சள் வட்டத்துக்கு வெளியே இருட்டோடு இருட்டாக உட்கார்ந்திருந்தன. அந்த இருட்டுக்கு அடியில் எப்போதும் ஓர் உறுமல் ஓடிக்கொண்டிருக்கும். கிழட்டு நாய் தூக்கத்தில் உறுமுவது போல, விட்டுவிட்டு, வருஷக்கணக்காக. அது இல்லை.

பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். இந்த வாரம் பார்த்து ஃப்ரிட்ஜும் போய்விட்டதா? கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பாட்டில்கள் வியர்த்திருந்தன. மூடிவிட்டுப் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. காதை வைத்துப் பார்த்தாள். அதிர்வு கன்னத்து எலும்பு வரை ஏறியது. சத்தம் மட்டும் இல்லை.

உறுமுகிற வாயை யாரோ கையால் பொத்திவிட்டது போல இருந்தது.

மெல்லத் திரும்பி மேடையைப் பார்த்தாள். மேடை என்பது பெரிய வார்த்தை. சுவரோரம் ஒரு மரப் பலகை, அவ்வளவுதான். அதன் மேல் மைக், இரண்டு ஸ்பீக்கர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர். மிக்சருக்குப் பக்கத்தில், தடித்த அகராதி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். காலையில் எல்லாமே அணைந்திருந்தன. இப்போது முதல் விளக்கு பச்சையாக எரிந்தது.

பப் கீழே, வீடு மேலே. நடுவில் ஒரு மரத்தரை. கட்டியவன் பிரிந்து போனபோது பப்பும் மகளும் அவள் பங்குக்கு வந்தன. இப்போது அவன் மகளைத் திரும்பக் கேட்கிறான். கீழே குடிகாரர்கள் கத்த, மேலே என் பிள்ளை தூங்குவதா என்பது அவன் வழக்கு. குழந்தைகள் நல அதிகாரி வெள்ளிக்கிழமை மாலை வருகிறார். பப் நடக்கிற நேரமாகப் பார்த்து வந்து, குழந்தையின் அறையில் உட்கார்ந்து, தன் காதால் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். சத்தம் மேலே போனால் மகள் போய்விடுவாள். சத்தமே வேண்டாம் என்று டிஸ்கோவையும் கரோக்கியையும் விட்டுத்தொலைத்தால், ஆட்டமும் பாட்டும் இல்லாத பப்புக்கு ஈ கூட வராது. பப் போனால் மேலே இருக்கிற வீடும் போகும். வீடு இல்லாதவளிடம் எந்த அதிகாரி பிள்ளையை விட்டுவைப்பார்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவள் மத்தளத்துக்கு உள்ளே இருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் தூங்கவில்லை. கண்ணை மூடினால் தரைக்கு அடியில் இசை அதிர்கிற மாதிரி இருக்கும். எழுந்து போய் மகளின் கட்டிலுக்கு அருகே தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வாள். ஒன்றும் இருக்காது. தன் நெஞ்சுதான் அடித்துக்கொண்டிருக்கும்.

மகளுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது இவளுடைய தாய்மாமா, மகளுக்கு மாமாத் தாத்தா. பப்பில் கவுண்டர் அவர் பொறுப்பு. வாணலியில் பட்டாணி வெடிக்கிற மாதிரிப் பேசும் பிள்ளை. நின்றால் பேச்சு, நடந்தால் பேச்சு, தூக்கத்திலும் பாதிப் பேச்சு. ஒரு நாளைக்கு எத்தனை ‘அம்மா’ என்று எண்ணினால் எண்ணுகிறவருக்குத்தான் மூச்சு முட்டும். ‘கொஞ்ச நேரம் வாயை மூடேன்டி’ என்று அவளும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். எந்தத் தாய்தான் சொல்லவில்லை.

சவுண்ட் கடைக்காரர் கொண்டுவந்து காட்டிய செட்டுகளையெல்லாம் அளந்து சொன்னது பட்டாணிதான். அவரிடம் மீட்டர் இருந்தது. அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மீட்டரா வந்து கட்டிலில் தூங்கப்போகிறது?

“நீ மேல போய்க் கட்டில்ல படுத்துக்கோ,” என்றாள் மகளிடம். “பாட்டு கேட்டா குரல் குடு. கேக்கலைன்னா சும்மா இரு. புரியுதா?”

“எவ்வளவு சத்தமா குடுக்கணும்?”

“எனக்குக் கேக்குற மாதிரி.”

“கேக்குற வரைக்கும் குடுக்கணுமா?”

“கேக்குற வரைக்கும்.”

முதல் செட்டில் ஆளுயரத்துக்கு பாஸ் பெட்டிகள். டிஸ்கோ என்றால் நெஞ்சில் அடிக்க வேண்டும் என்பது கடைக்காரர் கட்சி. மாமா பாட்டைப் போட்டதுதான் தாமதம், மாடியிலிருந்து சிரிப்பும் கூச்சலும் வந்தன. “கேக்குது! கேக்குதும்மா! தரை கிச்சுகிச்சு மூட்டுது!” அடுத்தது சின்ன ஸ்பீக்கர்கள், கூரையில் தொங்கவிடுகிற மாதிரி. கூரைதானே மேல்வீட்டுத் தரை? “கேக்குதும்மா! மாமாத் தாத்தா மூக்கால பாடறாங்க!” மாமா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, “உன் பொண்ணுக்கு இசை ஞானம் ஜாஸ்தி,” என்றார்.

மூன்றாவது செட் கிட்டத்தட்டத் தேறியது. நடுத்தர ஸ்பீக்கர் இரண்டு, ரப்பர் கால் வைத்த ஸ்டாண்டில், சுவரை விட்டுத் தள்ளி, முகம் கீழே பார்க்கச் சாய்த்து. பாட்டு மேலே எட்டவில்லை. ஆனால் மைக்கைக் கையில் எடுத்துப் பாட ஆரம்பித்தால், தாழ்ந்த கூரையில் பட்டுத் திரும்பி, ஊசியால் குத்துகிற மாதிரி வீறிட்டது. அந்த வீறல் மரத்தரையைத் துளைத்துக்கொண்டு நேரே குழந்தையின் அறைக்குப் போனது. கரோக்கியில் வருகிறவர்கள் மைக்கை ஒழுங்காகவா பிடிப்பார்கள்?

“ஹவுலிங் மேடம்,” என்றார் கடைக்காரர். “மைக் முழுங்கறதை ஸ்பீக்கர் கக்கும். ஸ்பீக்கர் கக்கறதை மைக் திரும்ப முழுங்கும். சுத்திச் சுத்தி ஏறிடும்.” கொஞ்சம் தயங்கிவிட்டு வண்டியிலிருந்து இந்தப் பெட்டியை எடுத்துவந்தார். “இது உக்காந்து கேக்கும். எது திரும்பத் திரும்ப எழும்புதோ அதைப் புடிச்சு வெட்டிடும். ஒண்ணை வெட்டினா ஒரு விளக்கு எரியும். அப்புறம் அந்தச் சத்தம் வராது.”

“புதுசா?”

“இல்ல மேடம், மூடிப்போன ஒரு ஹால்ல இருந்து வந்தது. அங்க சத்தம்னு ஒரு புகார்கூட வந்ததில்லையாம்.”

“அப்புறம் ஏன் மூடினாங்க?”

“அது தெரியல,” என்றார் அவர், ஒயரைச் சுற்றிக்கொண்டே. பிறகு நினைவு வந்தவராக ஒரு பட்டனைத் தொட்டுக் காட்டினார். “இது கத்துக்கற பட்டன். இதை அழுத்தும்போது மட்டும் ரூம் காலியா இருக்கணும், மேடம். யாரும் பேசக் கூடாது. ஹவுலிங் எது, மத்தது எதுன்னு இதுக்குத் தெரியாது. எழும்பினா வெட்டும், அவ்வளவுதான்.”

அவர் போன பிறகு அவள் பட்டனை அழுத்தினாள். கூடம் காலியாகத்தான் இருந்தது. ஃப்ரிட்ஜை யார் ஆளாகக் கணக்கில் வைப்பார்கள்?

இப்போது, தகரத்தில் கை வைத்து நின்றபடி, பயப்பட வேண்டிய இடத்தில் அவள் மனம் வேறு எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. அதிகாரி காதுக்கு ஒரு சத்தம் குறைந்தது. ஒன்று குறைந்தது என்றால் இன்னொன்றும் குறையும்தானே?

கவுண்டர் தொட்டியில் குழாய் சொட்டும். எந்தப் பிளம்பருக்கும் அடங்காத குழாய். ராத்திரி அமைதியில் அந்தச் சொட்டு மேலே வரை கேட்கும். அவள் மைக்கின் ஒயரை இழுத்து, தொட்டியின் விளிம்பில் அதைச் சாய்த்து வைத்தாள். மிக்சரில் சத்தத்தை ஏற்றினாள். சொட்டு ஸ்பீக்கரில் சம்மட்டியாக விழுந்தது. சொட். சொட். பட்டனை அழுத்தினாள். சொட்.

இரண்டாவது விளக்கு எரிந்தது.

குனிந்து பார்த்தாள். குழாய் நுனியில் நீர் திரண்டு, கனத்து, அறுந்து விழுந்தது. எவர்சில்வர் தொட்டியில் பட்டுத் தெறித்தது. ஒன்றும் கேட்கவில்லை. விரலை நீட்டினாள். அடுத்த துளி விரலில் விழுந்தது. குளிர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் சிரிப்பைக் கேட்டதும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மைக் இன்னும் திறந்திருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் மாடிப்படியையும் முடித்துவிட்டாள். நடுப்படி மிதித்தால் முனகும். பட்டாணி பள்ளிவிட்டு ஓடிவருவதை அவள் அந்த முனகலில்தான் தெரிந்துகொள்வாள். மைக்கைப் படியடியில் வைத்து, ஏறினாள், இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள். முனகல் நின்றது. அதன் பிறகு வாசல் கதவின் கீல், மேல்வீட்டுத் தாழ்ப்பாள், இருக்கைகளை இழுக்கிற சத்தம். கடை திறக்க வந்த மாமா நாற்காலியை நகர்த்திவிட்டு, மறுபடி நகர்த்திப் பார்த்தார்.

“என்னம்மா, எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டியா? பேய் வீடு மாதிரி வழுக்கிட்டுப் போகுது.”

“பேயாவது பிசாசாவது. அதிகாரி வரட்டும், நீங்களே பாருங்க மாமா.”

“வீடே ஊமையாயிடுச்சு போ,” என்றார் அவர், பாட்டிலைத் திறந்தபடி. மூடி கழன்றபோது சத்தம் வந்தது. அது வந்ததில் அவளுக்கு ஏனோ சின்ன ஏமாற்றமாக இருந்தது.

மறுநாள் பகலில், தனியாக இருந்தபோது, ஸ்பீக்கரைத் துடைக்கப் போனாள். பாட்டு ஓடவில்லை. மிக்சரில் சத்தமெல்லாம் அடிவரை இறக்கியிருந்தது. துணியோடு குனிந்தவள் அப்படியே நின்றாள். ஸ்பீக்கரின் வலைக்குப் பின்னால், மிக மிக உள்ளே, கிணற்றின் அடியில் யாரோ வாழ்கிற மாதிரி, ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. காதை வைத்தாள்.

உறுமல். கிழட்டு நாயின் உறுமல், விட்டுவிட்டு.

அதற்கு மேலே, நிதானமாக, சொட். சொட்.

துணி கையிலிருந்து நழுவி விழுந்தது. வலையிலிருந்து வந்த காற்றில் வாடை இருந்தது. ஸ்பீக்கருக்கு ஏது வாடை? ஆனால் இருந்தது: துவைத்த போர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், குழந்தைகள் படுக்கிற அறையின் வெதுவெதுப்பு. அவளுடைய வீட்டு வாடை.

சாயங்காலம் மாமா வந்ததும் கூப்பிட்டாள். “மாமா, இதுல காதை வெச்சுப் பாருங்களேன்.”

மாமா வந்து குனிந்து, ஒரு காதை வைத்து, மறு காதை வைத்து, நிமிர்ந்தார். “ஸ்பீக்கர்னா கொஞ்சம் இரையத்தான் செய்யும். உனக்குத் தூக்கம் இல்ல, அதான். ஒரு ரெண்டு மணி நேரம் போய்ப் படு.”

அவள் படுக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், ஒரே கணம். கொடுத்துவிட்டு? வெள்ளிக்கிழமை வீறலைக் கேட்டு அந்த அதிகாரி பேனாவை எடுக்கட்டும் என்று விடவா? முங்குகிறவளுக்குக் கிடைத்த கட்டை. அதில் பாம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு நேரம் இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கடைசி ஒத்திகை. மாமா ஐஸ் வாங்கப் போயிருந்தார். பட்டாணி மேலே ஓடினாள். நடுப்படி முனகவில்லை, ஆகவே அவள் போய்ச் சேர்ந்தாளா என்று தெரியவில்லை.

“படுத்துட்டியா?”

“படுத்துட்டேன்!”

பாட்டைப் போட்டாள். மைக்கைத் திறந்து, ஆவது ஆகட்டும் என்று ஸ்பீக்கருக்கு நேரே நீட்டினாள். வீறிட்டது. மாடியிலிருந்து உடனே பதில் வந்தது. “கேக்குது!” பட்டனை அழுத்தினாள். பெட்டியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி விழித்துக்கொண்டது. வீறல் இன்னும் ஏறியது. “கேக்குது! கேக்குதும்மா!” குழந்தை மேல்படிக்கே வந்துவிட்டாள் போல, குரல் நேராக இறங்கி மைக்கில் விழுந்து ஸ்பீக்கரில் பெரிதாகித் திரும்பியது. “கேக்குதும்மா! கேக்குதும்மா! அம்மா! அம்மா!” எது வீறல், எது குரல் என்று அவளுக்கே பிரித்துத் தெரியவில்லை. இரண்டும் முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாக ஏறின. “அம்மா! அம்...”

விளக்கு எரிந்தது.

கூடம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமானது. பாட்டு மட்டும் தேனாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மேலிருந்து குரல் இல்லை. சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். குரல் இல்லை. இன்னும் ஏற்றினாள்; கண்ணாடிக் கோப்பைகள் அலமாரியில் நடுங்கின. குரல் இல்லை. மைக்கில் உரக்கப் பாடினாள். இன்னும், இன்னும், தொண்டை கிழிய. குரல் இல்லை.

கேட்கவில்லை. மகளுக்குக் கேட்கவில்லை!

பாட்டை அப்படியே ஓடவிட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய, படியேறினாள். என் தங்கம், என் காது, என் மீட்டர் என்று முனகிக்கொண்டே ஏறினாள். பாதிப் படியில் நிமிர்ந்தாள்.

பட்டாணி மேல்படியில் நின்றிருந்தாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு. முகம் சிவந்திருந்தது. கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. வாய் அகலத் திறந்து, மூடி, திறந்து, மூடி, திறந்தது. விடாமல். கேட்கிற வரைக்கும் கொடுக்கச் சொன்ன குரலைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

எப்படிக் கீழே வந்தாள் என்று தெரியாது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்குகள் அணையவில்லை. ஒயர் தரையில் செத்துக் கிடந்தது; பச்சைப் புள்ளிகள் வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பட்டனாக அழுத்தினாள். கையால் அடித்தாள். கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“வெட்டினதைத் திரும்ப எடுக்கணும்ணே. எப்படி எடுக்கறது? சீக்கிரம் சொல்லுங்க.”

“திரும்பவா?” அவர் சிரித்தார். “வெட்டினது வெட்டினதுதான் மேடம். யாராவது திரும்பக் கேப்பாங்களா? என்னாச்சு, நல்லா வேலை செய்யுதுல்ல?”

போன் கையில் இருக்க, குழந்தையைப் பார்த்தாள். பட்டாணி இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சத்தம் இல்லாமல் ஒரு குழந்தை அழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. மடியில் அள்ளிக்கொண்டாள். கழுத்தில் சூடான மூச்சு பட்டது. உதடுகள் காதோரம் வேகவேகமாக அசைந்தன. என்னவோ சொல்கிறாள். எல்லாவற்றையும் சொல்கிறாள்.

மாமா ஐஸோடு வந்தார். பின்னாலேயே வாடிக்கையாளர்கள். மேசைகள் நிறைந்தன. அதிகாரி வருகிற நேரம். பெட்டி இல்லாமல் மைக்கைத் திறந்தால் வீறல் மேலே போகும். அவள் குனிந்து பிளக்கைத் திரும்பச் செருகினாள். பெட்டியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி, யாரும் அழுத்தாமலே, விழித்துக்கொண்டது. கற்றுக்கொள்ளத் தயார். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது.

மேலே தூக்கிக்கொண்டு போகும்போது குழந்தையின் காதில் சொன்னாள். “வாயைத் திறக்காத கண்ணு. அந்த மேடம் போற வரைக்கும். என்ன கேட்டாலும் திறக்காத. அம்மா எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்.” சொன்ன பிறகு, யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று உறைத்தது.

அதிகாரி நல்லவராகத்தான் இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சின்னக் கட்டிலின் நுனியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். கீழே கரோக்கி உச்சத்தில் இருந்தது. தரைக்கு அடியில் எங்கோ பஞ்சுக்குள் பொதிந்த மாதிரி ஒரு துடிப்பு. அதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

“நான் நினைச்சதே வேற,” என்றார். “எங்க வீட்டுலகூட இவ்வளவு அமைதி கிடையாது. பாப்பா, உனக்கு இங்க நல்லா தூக்கம் வருதா?”

பட்டாணி அம்மாவைப் பார்த்தாள். உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

“பேச மாட்டாளா?”

சொல்லிவிடலாம். இந்த நொடியில் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். சொன்னால்?

“கூச்சம் மேடம்,” என்றாள். “புது ஆளுங்கன்னா பேச மாட்டா. மத்தபடி வாய் ஓயாது.”

“பொம்பளப் புள்ள அடக்கமா இருக்கறது நல்லதுதான்,” என்று அதிகாரி குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். “கவலைப்படாதீங்கம்மா. புள்ள உங்ககிட்டதான் இருக்கும். நான் எழுதிடறேன்.”

வென்றுவிட்டாள். படியில் இறங்கும்போது அந்த எண்ணம் வாயில் இரும்பாகக் கசந்தது.

கீழே வெளிச்சம் சுழன்றுகொண்டிருந்தது. சிவப்பு, நீலம், சிவப்பு. முன் மேசையில் எப்போதும் இடி மாதிரிச் சிரிக்கிற தாடிக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். வயிறு குலுங்கியது, பல் தெரிந்தது. சத்தம் இல்லை. பக்கத்தில் ஒரு பெண் தாளத்துக்குக் கை தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கைகள் மோதின. சத்தம் இல்லை. கூச்சலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பெட்டியில் விளக்குகள் கடைசி வரை வந்துவிட்டன. ஒன்றே ஒன்று அணைந்திருந்தது.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டைத் தேடி மாமா திரையைத் துழாவினார். அந்த இடைவெளியில் ஸ்பீக்கரில் அது கேட்டது. இப்போது காது வைக்கத் தேவையில்லை.

உறுமல். சொட். தாழ்ப்பாள். நாற்காலி இழுபடுகிற ஓசை. பிறகு நடுப்படி முனகியது. சின்னக் கால்களுக்கு முனகுகிற முனகல்.

“அம்மா?”

பட்டாணியின் குரல். தெளிவாக. ஸ்பீக்கருக்குள் இருந்து.

“அம்மா? கேக்குதா?”

பாய்ந்து மைக்கை எடுத்தாள். “பட்டாணி! கேக்குதுடா! அம்மாவுக்குக் கேக்குது!” கூட்டம் திரும்பிப் பார்த்தது. “அம்மா?” என்றது ஸ்பீக்கர், இன்னும் கொஞ்சம் தொலைவில், கீழே பார்த்துக்கொண்டே மேலே போகிற குழந்தை மாதிரி. “இங்க வாடா! பட்டாணி! இங்க வா! பட்டாணி! பட்டாணி!” குரல் ஸ்பீக்கரில் பட்டு மைக்குக்குத் திரும்பி, பெரிதாகி, திரும்பி, இன்னும் பெரிதாகி ஏறியது. “பட்டாணி! பட்டாணி! பட்...”

சிவப்புப் புள்ளி.

மறந்துபோயிருந்தாள்.

கடைசி விளக்கு எரிந்தது.

அவள் கூப்பிட்டாள். தொண்டை அதிர்ந்தது. நெஞ்சு விரிந்தது. வாய் அந்தப் பெயரை முழுசாகச் செய்து வெளியே விட்டது. ஒன்றும் போகவில்லை. மறுபடி. மறுபடி.

யாரோ சிரித்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். “என்னம்மா, வாயசைப்பா?” என்றார் மாமா, முகமெல்லாம் சிரிப்பாக. “நல்லாத்தான் பண்றே! பாட்டு எங்கே?” கூட்டம் ஆரவாரம் செய்தது. அவள் கையை ஆட்டினாள். தொண்டையைப் பிடித்துக் காட்டினாள். சிரிப்பு கூடியது. கைதட்டல், சத்தத்தோடும், சத்தம் இல்லாமலும்.

அதற்கு நடுவே ஸ்பீக்கர் பேசியது.

“வர்றேன்டா கண்ணு.”

அவள் குரல். களைப்பில்லாத, அவசரமில்லாத, அவளே மறந்துபோயிருந்த குரல்.

நடுப்படி முனகியது. பெரிய கால்களுக்கு முனகுகிற முனகல்.

“அந்த மேடம் போயிட்டாங்களாம்மா?”

“போயிட்டாங்க. இனிமே யாரும் வர மாட்டாங்க.”

“கீழ இருந்து பாட்டு கேக்குதா?”

“இல்லடா. எதுவும் கேக்கலை. யாருமே இல்ல. தூங்கு.”

கூட்டம் மெல்ல விலகி வழி விட்டது. பட்டாணி இறங்கி வந்திருந்தாள். வெறுங்கால். காலடி கேட்கவில்லை. சிவப்பு, நீலம், சிவப்பு அவள் முகத்தில் ஓடின. அம்மாவைக் கடந்து போனாள். ஸ்பீக்கருக்கு முன்னால் முட்டி போட்டாள். வலையில் கன்னத்தைச் சாய்த்தாள், தலையணையில் சாய்க்கிற மாதிரி. கண்ணை மூடினாள். சிரித்தாள்.

அவள் ஓடிப்போய் மகளின் தோளைப் பிடித்தாள். குலுக்கினாள். கூப்பிட்டாள். முகத்துக்கு நேரே, முகத்தில் மூச்சு பட, கூப்பிட்டாள்.

குழந்தை கண்ணைத் திறந்தாள். வழி தவறி யாரோ வீட்டுக்குள் வந்துவிட்ட அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தாள். பிறகு, உள்ளே அம்மா தூங்கவைக்கிறாள், சத்தம் போடாதே என்பது போல, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

ஸ்பீக்கருக்குள், மாடி வீட்டின் கதவு மூடியது. தாழ்ப்பாள் உள்ளிருந்து மெதுவாக நகர்ந்தது. விழுந்தது.